காற்றாலை இறக்கையை வரைவது காற்றா, எடையா?

கேள்வி இது: "காற்றாலை இறக்கை அடியில் உருண்டைக் குழாய் மாதிரி இருக்கிறது, கொஞ்சம் தள்ளி அகலமாகிறது, நுனியில் வாள் மாதிரி மெலிகிறது, போதாததற்கு முறுக்கியும் இருக்கிறது. இந்த வடிவம் காற்றியல் கணக்கிலிருந்து வருகிறதா, உடையாமல் இருக்க வேண்டும் என்ற கணக்கிலிருந்து வருகிறதா? மூன்றுக்குப் பதிலாக ஆறு இறக்கை வைத்தால் காற்றை இன்னும் நன்றாகப் பிடிக்காதா?"

சுருக்கமாகச் சொன்னால், நுனிப் பக்கத்தைக் காற்று வரைகிறது, ஹப்பை (இறக்கைகள் எல்லாம் வந்து சேரும் நடுக்குமிழை) ஒட்டிய மூன்றில் ஒரு பங்கை எடையும் வளைவும் வரைகின்றன. நடுப்பகுதியில் இரண்டுக்கும் பேரம் நடக்கிறது. அந்தப் பேரம் பெரும்பாலும் தடிமனைப் பற்றியது.

பேசுவதற்குக் கையில் ஒரு இறக்கை இருந்தால் வசதி. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2009-இல் 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலை ஒன்றின் முழு விவரத்தையும் வெளியிட்டது. அதை யாரும் கட்டவில்லை, காகிதத்தில் மட்டும் சுற்றுகிறது. ஆனாலும் இந்தத் துறையில் கணக்குப் போடப் பழகுகிறவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். சுழல்வட்டத்தின் விட்டம் 126 மீட்டர், ஒரு இறக்கையின் நீளம் 61.5 மீட்டர், எடை 17,740 கிலோ. முழுத் திறனில் நிமிடத்துக்கு 12.1 சுற்று. அப்போது காற்று விநாடிக்கு 11.4 மீட்டர், இறக்கை நுனியோ விநாடிக்கு 80 மீட்டர். இனி வரும் எண்கள் எல்லாம் இந்த இறக்கையை வைத்துப் போட்டவை.

முதலில் ஆறு இறக்கை. காற்றை முழுக்கப் பிடித்து நிறுத்திவிட்டால், பின்னால் வரும் காற்றுக்குப் போக வழியில்லை. அது வட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போய்விடும். பிடிக்காமலே விட்டாலும் பயனில்லை. இரண்டுக்கும் நடுவில் சரியான புள்ளி எது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் எழுதினார்: காற்றிலுள்ள ஆற்றலில் 27-க்கு 16 பங்கு, அதாவது 59.3 சதவீதம். அந்தப் புள்ளியில் காற்று, வட்டத்தைக் கடக்கும்போது தன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும், தாண்டிப் போனபின் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். இன்றைய நல்ல காற்றாலைகள் 45 முதல் 50 சதவீதம் வரை எடுக்கின்றன. நம் மாதிரி இறக்கையின் உச்சம் 48.

ஆக, காற்றை எவ்வளவு தடுக்க வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவான கணக்கு. அதை மூன்று இறக்கை சேர்ந்து செய்யலாம், ஆறு சேர்ந்தும் செய்யலாம். ஆறு என்றால் ஒவ்வொன்றின் அகலமும் பாதியாக வேண்டும். இங்கேதான் சிக்கல். அகலம் பாதியானால் தடிமனும் பாதி. இறக்கைக்கு உள்ளே வளைவைத் தாங்குவது மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு தடித்த பட்டைகள். அவற்றுக்கு வரும் விசை என்பது வளைவுத்திறனை (வளைக்கும் விசையை அது செயல்படும் தூரத்தால் பெருக்கியதை) தடிமனால் வகுத்தால் கிடைப்பது. ஒரு இறக்கைக்கு வரும் சுமை பாதி, தடிமனும் பாதி, எனவே பட்டைக்கு வரும் விசை முன்பு இருந்ததே. மூன்று ஜோடிப் பட்டைக்குப் பதில் அதே கனத்தில் ஆறு ஜோடி போட வேண்டும். எடை இரட்டிப்பு, மின்சாரத்தில் கிடைப்பதோ மிகச் சொற்பம். விறைப்புக் கணக்கு இன்னும் மோசம். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பழைய காற்றாலைகளில் பத்து இருபது தகடு இருப்பது வேறு காரணத்துக்காக: பம்பை அசைத்துக் கிளப்ப மெதுவான, பலமான திருப்பம் வேண்டும்.

அப்படியானால் இரண்டு போதாதா? எடைக் கணக்கில் இரண்டுதான் ஜெயிக்கும். ஆனால் இரண்டு இறக்கை நிமிர்ந்து நிற்கும்போதும் படுத்திருக்கும்போதும், கோபுரத்தின் மேல் தலையைத் திருப்புவதற்கான நிலைமம் வெவ்வேறு. ஒவ்வொரு சுற்றிலும் தலை உதறும். மூன்று இறக்கையில் அது சமமாகிவிடுகிறது. கண்ணுக்கும் மூன்றுதான் நிதானமாகத் தெரிகிறது, ஆனால் அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

சரி, முறுக்கு. இறக்கைக்கு இரண்டு காற்று உண்டு. ஒன்று எதிரே வீசுவது, வட்டத்தைக் கடக்கும்போது 11.4-இல் மூன்றில் ஒரு பங்கு குறைந்து 7.6 மீட்டர். இன்னொன்று, தான் சுற்றுவதால் முகத்தில் அடிப்பது. நுனியில் அது 80 மீட்டர், பாதி நீளத்தில் 40, ஹப்பிலிருந்து 12 மீட்டரில் வெறும் 15. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காற்று இறக்கையின் மேல் சாய்ந்து வரும் கோணம் நுனியில் சுமார் 5.4 பாகை, நடுவில் 11, 12 மீட்டரில் 27. எல்லா இடத்திலும் ஏர்ஃபாயில், அதாவது இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம், தனக்குப் பிடித்த ஐந்தாறு பாகையில் காற்றைச் சந்திக்க வேண்டுமானால், நுனியில் முறுக்கு பூஜ்யமாகவும், நடுவில் ஐந்தாறு பாகையாகவும், அடியில் இருபதுக்கு மேலும் இருக்க வேண்டும். மாதிரி இறக்கையில் நுனி கிட்டத்தட்ட பூஜ்யம், நடுவில் 6.5. கணக்கோடு அழகாக ஒத்துப்போகிறது. அடியிலோ 13.3-இல் நிறுத்திவிட்டார்கள்.

அகலத்திலும் இதே கதை. காற்றியல் சூத்திரம் கேட்கும் அகலம், ஹப்பை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போகும். 12 மீட்டரில் அது 8, 9 மீட்டர் அகலம் கேட்கிறது. கொடுத்திருப்பது 4.6. அதற்கும் உள்ளே போனால் ஏர்ஃபாயிலே இல்லை, வெறும் உருளை, விட்டம் 3.5 மீட்டர்.

காற்றியல் ஆள் ஏன் இதற்கு ஒப்புக்கொண்டார்? வட்டத்தின் பரப்பைப் பாருங்கள். இறக்கையின் உள் மூன்றில் ஒரு பங்கு துடைப்பது மொத்தப் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்குதான், 11 சதவீதம். வெளி மூன்றில் ஒரு பங்கு துடைப்பது 56 சதவீதம். உள்ளே தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை. அப்புறம் இன்னொரு காரணம் உண்டு, அதுதான் எனக்கு இந்த வடிவமைப்பிலேயே பிடித்த இடம்.

ஏர்ஃபாயில் தரும் ஏற்றவிசை காற்று வரும் திசைக்குச் செங்குத்தாக இருக்கும். இழுவை காற்றோடு போகும். நுனியில் காற்று 5.4 பாகையில்தான் வருகிறது என்பதால் ஏற்றவிசையில் சுழற்சிக்கு உதவுவது ஒரு சிறு கீற்று, பத்தில் ஒரு பங்கு அளவு. மீதியெல்லாம் இறக்கையைப் பின்னால் தள்ளுகிறது. இழுவையோ கிட்டத்தட்ட முழுசாகச் சுழற்சிக்கு எதிரே நிற்கிறது. ஏற்றவிசை இழுவையைப் போல 100 மடங்கு இருந்தால்கூட, நுனியில் கிடைக்கும் சுழற்சியில் பத்து சதவீதத்துக்கு மேல் இழுவை தின்றுவிடும். விகிதம் 50 ஆகக் குறைந்தால் இருபதுக்கு மேல் போய்விடும். அதே 100 விகிதம் 12 மீட்டர் இடத்தில் வெறும் 2 சதவீதம்தான் தின்னும். எனவே நுனியில் ஏர்ஃபாயில் மெல்லியதாக, வழவழப்பாக இருந்தே ஆக வேண்டும். அடியில் தடியாக, மொத்தையாக இருந்தாலும் ஓடும். தடிமன் எங்கே மலிவு, எங்கே விலை அதிகம் என்பது இதில் தெரிந்துவிடுகிறது.

மாதிரி இறக்கையில் அதைப் பார்க்கலாம். 12 மீட்டர் பக்கத்தில் அகலத்தில் 40 சதவீதம் தடிமன், கிட்டத்தட்ட 1.8 மீட்டர், ஒரு ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். பாதி தூரத்தில் 25 சதவீதம். நுனிப் பக்கம் 18. தடித்தவை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் காற்றாலைக்கென்றே உருவானவை, நுனிக்குப் போட்டிருப்பது விமான உலகிலிருந்து வந்த, அமெரிக்க விமான ஆய்வு அமைப்பான நாக்காவின் பழைய வகை. விமானத்தில் 25, 30 சதவீதத் தடிமனை யாரும் தொட மாட்டார்கள், அதனால்தான் தனியாக உருவாக்க வேண்டியிருந்தது. இன்னொரு தேவையும் இருந்தது. முன் விளிம்பில் பூச்சியும் தூசியும் படிந்தாலும் ஏற்றவிசை பெரிதாகச் சரியக்கூடாது. விமான இறக்கையைத் துடைக்கலாம், காற்றாலை இறக்கையை மழைதான் துடைக்கும்.

இப்போது சுமை. காற்றாலை என்றதும் காற்று இறக்கையைச் சுழற்றுகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அது முதலில் இறக்கையைப் பின்னால் வளைக்கிறது, போனால் போகிறதென்று கொஞ்சம் சுற்றவும் விடுகிறது. முழுத் திறனை எட்டும் காற்றில் மூன்று இறக்கைக்கும் சேர்த்துச் சுமார் 80 டன் தள்ளல். ஒன்றுக்கு 26, 27 டன். அது இறக்கையின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் செயல்படுவதாக வைத்தால், அடியில் ஆயிரம் டன்-மீட்டருக்குச் சற்று மேல் வளைவுத்திறன். மின்சாரமாக மாறும் திருப்புத்திறன் ஒரு இறக்கைக்கு எவ்வளவு தெரியுமா? சுமார் 140. ஏழெட்டுப் பங்கு வளைத்து ஒரு பங்கு சுழற்றுகிறது.

சொந்த எடை இன்னொரு வேடிக்கை. இறக்கையின் எடைமையம் அடியிலிருந்து 20.5 மீட்டரில் இருக்கிறது. இறக்கை கிடையாக வரும்போது 17.7 டன்னை அந்தத் தூரத்தால் பெருக்கினால் 360 டன்-மீட்டர். சுற்றுவதற்குக் கிடைக்கும் 140-ஐப் போல இரண்டரை மடங்கு! ஒரு பக்கம் கிடையாக இருக்கும்போது முன் விளிம்பு இழுபட்டுப் பின் விளிம்பு நசுங்கினால், அரைச் சுற்றுக்குப் பிறகு நேர்மாறு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கூட்டலும் கழித்தலும். 20 வருடத்தில் சுமார் 10 கோடி முறை. காற்று நின்று வீசும், ஓங்கும், தணியும். எடைக்கு அந்தத் தயவு கிடையாது, சுற்றும்வரை எண்ணிக்கொண்டே இருக்கும்.

இறக்கையைக் குறுக்கே அறுத்தால் உள்ளே என்ன இருக்கும்? அறுத்த பழைய இறக்கைத் துண்டு ஒன்றின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெளியே ஒரே வெள்ளைத் தோல், உள்ளே முக்கால்வாசி வெற்றிடம். மேலும் கீழும் தடித்த பட்டைகள், ஸ்பார் கேப் என்பார்கள், கண்ணாடி இழைகள் எல்லாம் நீளவாட்டில் ஒரே திசையில் ஓடும், விரல் வைத்தால் அடுக்கடுக்காக எண்ணலாம். அவை இரண்டையும் விலகாமல், நெருங்காமல் பிடித்து வைக்க நடுவில் செங்குத்தாக ஒன்றோ இரண்டோ சுவர், அது ஷியர் வெப். மீதித் தோல் சாண்ட்விச்: இரண்டு மெல்லிய இழைத்தாள், நடுவில் பால்சா மரமோ நுரைப் பலகையோ. வடிவத்தைப் பிடித்து வைப்பதும், சப்பையாக நெளியாமல் நிற்பதும்தான் அந்த நுரையின் வேலை. பெரிய சுமையை அது தாங்குவதில்லை. பின் விளிம்பில் ஒரு தடித்த பசைக்கோடும், தனியாக ஓடும் ஒரு இழைப்பட்டையும் இருக்கும். அந்தப் பட்டை, மேலே சொன்ன எடைக் கூத்துக்காகவே போட்டது.

காற்று தள்ளும்போது பின்பக்கத்துப் பட்டை நசுங்குகிறது, எதிர்க்காற்றுப் பக்கத்துப் பட்டை இழுபடுகிறது. இழைகளுக்கு இழுவிசை பிடிக்கும், நசுக்கல் பிடிக்காது. நசுங்கும் பக்கத்தில் இழை கொஞ்சம் நெளிந்து படிந்திருந்தாலே அந்த இடத்தில் வலிமை கணிசமாகக் குறையும். அதனால்தான் தொழிற்சாலையில் அடுக்கும்போது ஒரு சுருக்கம் விழுந்துவிட்டால் அவ்வளவு பதறுவார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரெசினை (இழைகளை ஒட்டும் பிசினை) வெற்றிடத்தில் உறிஞ்ச வைத்து, சூட்டில் இறுக்கி, வெள்ளை பூசிவிட்டால் எல்லா இறக்கையும் ஒரே அழகுதான்.

பட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் இரட்டிப்பானால், அதே பட்டையில் விறைப்பு நாலு மடங்கு. கட்டமைப்பு ஆள் தடிமன் தடிமன் என்று அரற்றுவதற்கு இதுதான் காரணம். விறைப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? உடைவதற்கு முன்னால் இறக்கை கோபுரத்தில் அடித்துவிடும். மாதிரி இறக்கையின் நுனி முழுத் திறனை எட்டும் காற்றில் 5 மீட்டருக்கு மேல் பின்னால் வளைகிறது. பலத்த சுழல் வீச்சில் இன்னும் கூட. அதனால் அச்சை 5 பாகை மேலே தூக்கியிருக்கிறார்கள், இறக்கைகளை 2.5 பாகை முன்னால் சாய்த்தும் இருக்கிறார்கள். இன்றைய நீள இறக்கைகளில் இதோடு விடுவதில்லை. வார்க்கும்போதே நுனியை எதிர்க்காற்றுப் பக்கம் வளைத்துவிடுகிறார்கள். சும்மா நிற்கும்போது முன்னால் குனிந்த மாதிரி தெரியும் இறக்கை, காற்று வாங்கியதும் நிமிர்ந்து நேராகிவிடும். காசில்லாமல் கிடைத்த இடைவெளி. லாரிக்காரருக்குத்தான் தலைவலி.

கார்பன் இழை உள்ளே வந்ததும் இந்த விறைப்புக்காகத்தான். ஒரே திசையில் ஓடும் கண்ணாடி இழைப் பட்டையின் விறைப்பு 40 ஜிகாபாஸ்கல் அளவு, கார்பனுக்கு அதைப்போல மூன்று மடங்கு, எடையும் குறைவு. முழு இறக்கையையும் கார்பனில் செய்தால் கட்டுப்படியாகாது. பட்டையில் மட்டும் போடுவார்கள். அதுவும் இப்போது, தொழிற்சாலையிலேயே இழுத்து வார்த்த நேரான பலகைகளாக. நெளிவு பிரச்சினை அதோடு பெரும்பாலும் போய்விட்டது.

எஃகில் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செய்து பார்த்தாயிற்று. அமெரிக்காவின் வெர்மாண்ட் மலையொன்றில் 1941-இல் ஸ்மித்–பட்னம் காற்றாலை ஓடத் தொடங்கியது. 1.25 மெகாவாட், 53 மீட்டர் விட்டம், இரண்டு எஃகு இறக்கை, ஒவ்வொன்றும் 8 டன் போல. பேரிங் கெட்டு இடையில் இரண்டு வருடம் போல நின்றது. மறுபடி ஓட்டியபோது, 1945 மார்ச் 26 அன்று ஒரு இறக்கை அடிப்பக்கத்தில் முறிந்து பறந்தது. அந்த இடம் பலவீனம் என்பது முன்பே தெரிந்த விஷயம். போர்க்காலத் தட்டுப்பாட்டில் பலப்படுத்த முடியாமல் விட்டிருந்தார்கள். அது மொத்தம் ஓடியது 1,100 மணி நேரம் அளவுதான். டென்மார்க்கில் பொறியாளர் யொஹானஸ் யூல் 1957-இல் கெட்சரில் கட்டியது 24 மீட்டர் விட்டம், 200 கிலோவாட், மூன்று இறக்கை, இறக்கைகளைக் கம்பி போட்டு ஒன்றோடொன்று இழுத்துக் கட்டியிருந்தார். பார்க்கச் சுமார்தான். பத்து வருடம் பெரிய பராமரிப்பு இல்லாமல் ஓடியது. கம்பி காற்றில் இழுவை தரும் என்பது யூலுக்குத் தெரியாமலா இருக்கும்?

களைப்பு, அதாவது திரும்பத் திரும்பச் சுமை வந்து பலவீனமாவது, என்ற விஷயத்தில் கண்ணாடி இழை உலோகத்தைப் போலன்றி வேறு மாதிரி நடந்துகொள்ளும். வழக்கமான கணக்கில், அழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் ஆயுள் ஏறக்குறைய மூன்று மடங்காகும். கேட்க நன்றாக இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: எங்கோ ஒரு மூலையில் அழுத்தம் பத்து சதவீதம் கூடிப்போனால் 20 வருட இறக்கை எட்டு வருடத்தில் கேள்விக்குறி ஆகிவிடும்.

இறக்கையை நீட்டிக்கொண்டே போனால் எது முதலில் கை விரிக்கும்? எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் இரட்டிப்பாக்குங்கள், நுனி வேகம் மட்டும் அதே 80. மின்சாரம் நாலு மடங்கு, எடை எட்டு மடங்கு. காற்று வளைப்பதால் வரும் அழுத்தம் மாறாது. வளைவுத்திறன் எட்டு மடங்கானாலும் தாங்கும் வெட்டுமுகமும் எட்டு மடங்குதான். ஆனால் சொந்த எடையால் வரும் வளைவுத்திறன் பதினாறு மடங்கு, அதாவது அழுத்தம் இரட்டிப்பு. நீளம் கூடக் கூட, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இறக்கை தன்னோடேயே மல்லுக்கட்ட ஆரம்பிக்கிறது. 2019-இல் 107 மீட்டர் இறக்கை வந்தது. இப்போது 115 மீட்டரைத் தாண்டியும் வார்க்கிறார்கள். அவற்றை வெறும் பெரிதாக்கிய இறக்கை என்று நினைக்க வேண்டாம். அதே விகிதத்தில் பெரிதாக்கியிருந்தால் இருக்க வேண்டிய எடையைவிட மிகக் குறைவாகத்தான் அவை இருக்கின்றன. தடித்த ஏர்ஃபாயில், கார்பன் பட்டை, முன்வளைவு, சாமர்த்தியமான கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து அதைச் சாதிக்கின்றன.

சாமர்த்தியம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டையின் இழைகளைச் சில பாகை சாய்த்து அடுக்கினால், அல்லது இறக்கையின் நுனியை அரிவாள் மாதிரி லேசாகப் பின்னோக்கி வளைத்தால், இறக்கை வளையும்போதே தானாகக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு காற்றை நழுவவிடும். இறக்கையின் கோணத்தைத் திருப்பும் பிட்ச் மோட்டார் கவனிப்பதற்கு முன்பே சுமை இறங்கிவிடும். நாணல் செய்வதுதான். ஆனால் முறுக்கில் இளக்கம் கொடுத்தால் ஃபிளட்டர் என்ற பேய் எட்டிப் பார்க்கும்: வளைவும் முறுக்கும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு, காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சிக் கொழுக்கும் அதிர்வு. சின்ன இறக்கைகளுக்கு அது எட்டாத தூரத்தில் இருந்தது. நூறு மீட்டர் இறக்கைகளில் ஒவ்வொரு வடிவமைப்பிலும் அதைச் சோதித்தாக வேண்டும்.

நுனி வேகத்தை ஏன் இன்னும் கூட்டுவதில்லை என்றும் கேட்கலாம். கூட்டினால் இறக்கை மெலியும், கியர்பாக்ஸுக்கு வரும் திருப்புத்திறன் குறையும், எல்லாம் நல்லதுதான். முட்டுக்கட்டை சத்தம். பின் விளிம்புச் சத்தம் ஏறக்குறைய வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். வேகம் பத்து சதவீதம் கூடினால் 2 டெசிபல். வெளிப்பக்கப் பின் விளிம்பில் ரம்பப் பல் மாதிரி ஒட்டியிருப்பது இந்தச் சத்தத்தைக் குறைக்கத்தான். இன்னொரு முட்டுக்கட்டை மழை. விநாடிக்கு 80 மீட்டரில் போகும் முன் விளிம்புக்கு மழைத்துளி சின்னக் கூழாங்கல். சில வருடத்தில் பூச்சு பெயர்ந்து, விளிம்பு அம்மை விழுந்த மாதிரி ஆகிவிடும். மேலே சொன்ன அந்த இழுவைக் கணக்கு நினைவிருக்கிறதா? கெட வேண்டிய இடத்திலேயே மிகச் சரியாகக் கெடுகிறது. ஆண்டு மின்சாரத்தில் சில சதவீதம் இதிலேயே போகும். மின்னலுக்கு நுனியில் ஒரு உலோகப் பொட்டும், உள்ளே அடிவரை ஒரு கம்பியும் உண்டு. கார்பன் பட்டை மின்சாரம் கடத்தும் என்பதால் அங்கே அந்தக் கம்பியோடு அதைச் சரியாக இணைப்பது தனிக் கலை.

கடைசியில் எல்லாக் கணக்கும் ஒரு சோதனைக் கூடத்துச் சுவரில் வந்து நிற்கும். புது வடிவமைப்பில் முதலில் வந்த இறக்கைகளில் ஒன்றின் அடிப்பக்கத்தைக் கான்கிரீட் தூணில் போல்ட் போட்டு முடுக்கி, முதலில் கயிறு கட்டி இழுத்து வளைப்பார்கள். பிறகு அதன் இயல்பான அதிர்வெண்ணிலேயே மாதக்கணக்கில் ஆட்டிவிடுவார்கள், பல லட்சம் முறை, முதலில் தட்டைவாட்டில், பிறகு விளிம்புவாட்டில். அறுபது மீட்டர் இறக்கை விநாடிக்கு ஒருமுறைக்கும் குறைவாக, யாரோ தூங்கும் மிருகம் மூச்சு விடுகிற மாதிரி, மேலும் கீழும் போய்வரும். சோதனை செய்பவர்கள் தினமும் கையில் விளக்கோடு உள்ளே ஊர்ந்து போய்ப் பார்ப்பார்கள். தடித்த பட்டைகளில் அவர்களுக்கு அவ்வளவாக வேலை இருக்காது. உருளை ஏர்ஃபாயிலாக மாறும் இடத்திலும், அகலம் உச்சத்தில் இருக்கும் இடத்துப் பின் விளிம்புப் பசைக்கோட்டிலும்தான் விளக்கு அதிக நேரம் நிற்கும்.